யார் முதலில் நிறுத்துவது?

ஆரம்பிப்பதில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. யாராவது ஒருவர் ஒரு சத்தம் எழுப்பினால் போதும், அதுதான் ஆரம்பம். அது சுமாராக இருந்தாலும் பின்னால் வருகிற பத்து நிமிடம் அதைச் சரிக்கட்டிவிடும். முடிப்பது அப்படியில்லை. முடிவு சொதப்பினால் அதைச் சரிக்கட்ட மேற்கொண்டு நேரமே கிடையாது. கேட்டவர்கள் அந்த முகத்தோடுதான் எழுந்து போவார்கள்.

நான் டபுள் பாஸ் வாசிக்கிறேன், ஆள் உயரத்துக்கு இருக்கும் பெரிய வயலின் மாதிரியான தந்தி வாத்தியம். எங்கள் குழுவில் மூன்றே பேர்: டெனர் சாக்ஸபோன், டிரம்ஸ், நான். சாக்ஸபோன்காரர் எங்கள் இருவரையும்விட மூத்தவர். டிரம்மர் வயதில் சின்னவன், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். தலைவர் என்று யாரும் இல்லை. எழுதி வைத்த பாட்டும் இல்லை. மேடை ஏறும்போது என்ன சுருதி, என்ன தாளம், எவ்வளவு நேரம், யார் ஆரம்பிப்பது, எதையும் பேசிக்கொள்வதில்லை. ஜாஸ் உலகத்தில் இதற்கு ஃப்ரீ இம்ப்ரொவைசேஷன் என்று பெயர். வாசித்து முடித்ததும் யாராவது ஒருவர் வந்து, "நிஜமாவே எதுவும் பேசி வெச்சுக்கலையா?" என்று கேட்பார். நிஜமாகவே இல்லை என்போம். உடனே அடுத்த கேள்வி வரும்: "அப்போ முடிஞ்சதுன்னு உங்க மூணு பேருக்கும் ஒரே சமயத்துல எப்படித் தெரியுது?"

"கேட்டுக்கிட்டே இருந்தா தெரியும்ங்க" என்று சொல்லிச் சாக்ஸபோன்காரர் சிரித்துவிடுவார். பதில் சரிதான். ஆனால் கேட்டவருக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் நான் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

வழக்கமான ஜாஸில் இந்தப் பிரச்சினையே வராது. முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். அப்புறம் அந்த மெட்டின் கார்டு வரிசை, அதாவது கூடவே ஒலிக்கும் சுரக்கூட்டங்களின் வரிசை மேல் ஒவ்வொருவரும் தங்கள் கற்பனையைக் காட்டுவார்கள். கடைசியில் மெட்டு திரும்பி வரும். அது வந்துவிட்டால் மேடையில் இருப்பவருக்கும் தெரியும், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும், இன்னும் அரை நிமிடத்தில் கைதட்டலாம் என்று. முன்னும் பின்னும் மெட்டு இருப்பதால் நடுவில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போய்வரலாம்.

ஜாஸின் கட்டுகளையெல்லாம் அவிழ்த்துவிட்டதாகப் பேர் வாங்கியவர்கள்கூட இந்த ஒன்றை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடவில்லை. சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் 1960 டிசம்பர் 21 அன்று எட்டுப் பேரை வைத்துப் பதிவு செய்தாரே 'ஃப்ரீ ஜாஸ்', இந்த வகைக்கே பெயர் கொடுத்த அந்த 37 நிமிட இசையில், ஒவ்வொருவர் முறை வரும்போதும் எல்லோரும் சேர்ந்து வாசிக்க என்று எழுதப்பட்ட சின்னச் சின்னப் பகுதிகள் இருக்கின்றன. இடது ஸ்பீக்கரில் நாலு பேர், வலது ஸ்பீக்கரில் நாலு பேர் என்று பிரித்துப் பதிவு செய்திருப்பார்கள். கேட்கும்போது எல்லோரும் அவரவர் பாட்டுக்குக் கத்துவது போலத் தோன்றும். ஆனால் வாசற்படி எங்கே இருக்கிறது என்று எட்டுப் பேருக்கும் தெரியும்.

ஆல்பர்ட் எய்லரின் 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி'யும் அப்படித்தான். 1964 ஜூலை 10, நியூயார்க். சாக்ஸபோன், பாஸ், டிரம்ஸ், மூன்றே பேர். எங்கள் குழுவின் அமைப்பும் இதுவே என்பதால் இந்த ஆல்பத்தை நான் பாடப்புத்தகம் மாதிரி திரும்பத் திரும்பக் கேட்கிறேன். மொத்தமே அரை மணி நேரத்துக்கும் குறைவு. ஸ்டீரியோகூட இல்லை, மோனோ. எய்லர் வாசிக்கும் மெட்டுகள் ஒரு முறை கேட்டாலே முணுமுணுத்துவிடலாம் போல எளிமையானவை. அந்த மெட்டிலிருந்து கிளம்பி, சாக்ஸபோன் அலறி, அழுது, கிழிந்து போகிற இடம் வரை போய்விட்டு, மறுபடி அதே மெட்டுக்கு வந்து நிற்பார். ஆல்பத்தின் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும்கூட ஒரே மெட்டின் இரண்டு வடிவங்கள்.

நான் அதில் கேட்பது எய்லரை அல்ல, கேரி பீகாக்கை. பாஸ்காரன் அல்லவா, காது அங்கேதான் போகும். பீகாக் எய்லரின் பின்னால் ஓடுவதே இல்லை. எய்லர் மேலே மேலே போகும்போது இவர் பாட்டுக்குக் கீழே ஒரு தனிப் பேச்சு பேசிக்கொண்டிருப்பார். சன்னி மரே டிரம்ஸில் தாளத்தைப் பிடித்துக் கொடுப்பதும் இல்லை. சிம்பல், அந்த வட்டமான உலோகத் தட்டு, விடாமல் மினுங்கிக்கொண்டே இருக்கும், கூடவே அவருடைய முனகலும் கேட்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்க்க முடியாது. ஆனால் வேகம் இருப்பது தெரியும். மூன்று பேரும் மூன்று திசையில் போகிறார்கள், ஆனாலும் ஒருவரை எடுத்துவிட்டால் மற்ற இருவரும் விழுந்துவிடுவார்கள் என்று தோன்றும். மூவர் குழு என்றால் எனக்கு இதுதான்.

ஏன் மூன்று பேர் என்று ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் வாசித்தால் அது உரையாடல். நான் ஒன்று சொன்னால் நீ பதில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். நாலு பேர் என்றால் சீக்கிரமே இரண்டு இரண்டாகப் பிரிந்துவிடும், இல்லையென்றால் ஒருவர் ஓரமாக ஒதுங்கிவிடுவார். மூன்றில்தான் கூட்டணி மாறிக்கொண்டே இருக்க முடியும். சாக்ஸபோனும் டிரம்ஸும் சேர்ந்துகொண்டால் நான் வெளியே நின்று அந்த இரண்டு பேரையும் கேட்கலாம். நான் உள்ளே வரும்போது யாரோடு சேர்கிறேன் என்பதை வைத்து மூன்றாவது ஆள் வெளியே போவார், அல்லது போகமாட்டார். வாசிக்காமல் நிற்கிற ஆளுக்கும் வேலை இருக்கிற ஒரே குழு இதுதான் என்று எனக்கு ஒரு எண்ணம். நால்வர் குழுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

இந்தச் சமத்துவத்துக்கு ஒரு முன்கதையும் உண்டு. பியானோக் கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு என்ற ஜாஸ் கிளப்பில் வாசித்த பதிவில், பாஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பின்னணியில் நடந்துகொண்டிருக்கவே மாட்டார். பியானோவுக்குச் சமமாக உட்கார்ந்து பேசுவார். இசை என்னவோ மென்மையான, பழைய மெட்டுகள்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு முன் ஆர்னெட்டின் அந்த எட்டுப் பேரில் ஒருவராக இடது ஸ்பீக்கரில் வாசித்தவரும் இதே லஃபாரோதான். வான்கார்டில் வாசித்துப் பதினோரு நாளில் கார் விபத்தில் இறந்துபோனார். வயது 25. ஜாஸில் இரண்டு கட்சி என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்கு நான் இந்த ஒரு ஆளைத்தான் காட்டுவேன்.

அதே 1961-இல்தான் ஜிம்மி ஜூஃப்ரி, பால் பிளே, ஸ்டீவ் ஸ்வாலோ மூவரும் சேர்ந்தார்கள். கிளாரினெட், பியானோ, பாஸ். டிரம்ஸ் இல்லை. சத்தம் போடாத சுதந்திர இசை. அந்தக் காலத்தில் இது யாருக்கும் பிடிபடவில்லை. கோபமாக இருந்தாலாவது புரட்சி என்று சொல்லியிருப்பார்கள், இவர்களோ மெதுவாக, யோசித்து யோசித்து வாசித்தார்கள். 1962-இல் 'ஃப்ரீ ஃபால்' பதிவு செய்தார்கள். அப்புறம் ஒரு நாள், நியூயார்க் பிளீக்கர் தெருவில் ஒரு காபிக் கடையில் வாசித்துவிட்டு வசூலைப் பங்கு போட்டால் ஆளுக்கு 35 சென்ட் வந்தது. அன்றைக்கே குழுவைக் கலைத்துவிட்டார்கள். இந்தக் கதையை ஸ்வாலோவே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். மூன்று பங்கும் சமம் என்பதைத்தான் நான் கவனித்தேன். 35 சென்டாக இருந்தாலும் தலைவருக்கு என்று ஒரு சென்ட் அதிகமாகப் போகவில்லை. 1989-இல் மூவரும் மறுபடி சேர்ந்து வாசித்தார்கள். 1961-இல் செய்த இரண்டு ஆல்பங்களை இசிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1992-இல் மறுபடி வெளியிட்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது.

அந்தப் பதிவுகளைக் கேட்டால் முடிவுகளை மட்டும் கவனியுங்கள் என்பேன். டிரம்ஸ் இல்லாததால் அவர்களுடைய முடிவுகளுக்கு ஒரு தனித் தன்மை இருக்கிறது. அதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை, கொஞ்சம் பௌதிகமும்தான்.

சாக்ஸபோனிலும் கிளாரினெட்டிலும் மூச்சை நிறுத்தினால் சத்தம் நின்றுவிடும். அறையில் கொஞ்சம் எதிரொலி இருக்கலாம், ஆனால் வாத்தியத்துக்குள் எதுவும் மிச்சம் இருக்காது. டபுள் பாஸில் விரலால் தந்தியைச் சுண்டினால் சத்தம் சில விநாடிகள் இருந்து தேயும். இடது கை விரல் அமுக்காத திறந்த தந்தியானால் இன்னும் கொஞ்சம் கூட. வில்லால் இழுத்தால் கை ஓயும் வரை இருக்கும், நிறுத்தும்போது தந்தி லேசாக ஒரு பெருமூச்சு விட்டு அடங்கும். சிம்பல் இருக்கிறதே, அது வேறு ஜாதி. பெரிய சிம்பலை மிருதுவான கோலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டால் அரை நிமிடம்கூட ஒலித்துக்கொண்டிருக்கும். ஒலியின் கடைசிப் பகுதி இவ்வளவுதான் என்று சொல்லவே முடியாது. அறையின் மின்விசிறிச் சத்தத்துக்குள் போய்க் கரைந்துவிடும்.

இதன் அர்த்தம், எங்கள் குழுவில் மூன்று பேரும் ஒரே நொடியில் நிறுத்தினாலும் மூன்று முடிவுகள் வரும். சாக்ஸபோன் முதலில் போய்விடும், அப்புறம் நான், அதற்கும் வெகுநேரம் கழித்துச் சிம்பல். அதனால் தலைவர் இல்லாத எங்கள் குழுவில் முடிவு என்ற ஒரு விஷயத்தில் மட்டும் டிரம்மருக்குக் கொஞ்சம் கூடுதல் அதிகாரம் இருக்கிறது. அவன் இரண்டு விரலால் சிம்பலின் ஓரத்தைப் பிடித்தால் அது கத்தரித்த முடிவு. விட்டுவிட்டால் அவிழ்கிற முடிவு. அந்த அரை நிமிடத்துக்குள் நாங்கள் இருவரும் என்ன செய்வது? அங்கேதான் சிக்கல். சிம்பல் தேய்ந்துகொண்டிருக்கும்போது சாக்ஸபோன்காரர் ஒரு சின்னச் சுரத்தை உள்ளே விட்டால் முடிவு என்று நினைத்தது இன்னொரு ஆரம்பமாகிவிடும். சில நாள் அது அற்புதமாக அமையும், முந்தைய இருபது நிமிடத்தைவிட அதற்குப் பின் வருகிற மூன்று நிமிடம் நன்றாக இருக்கும். சில நாள் அது போகாமல் இழுத்துப் பிடிப்பதாகிவிடும்.

மோசமான முடிவுகளில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. மூன்று பேரும் முடிக்கலாம் என்று நினைக்கிறோம், யாரும் முதலில் நிறுத்தத் துணியவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் "சரி, அப்போ நாங்க கிளம்பறோம்" என்று எழுந்து, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, அங்கேயே நின்று இன்னும் முக்கால் மணி நேரம் பேசுவார்களே, அது மாதிரி. ஒருவர் ஒரு சுரம், அதற்கு இன்னொருவர் மரியாதைக்கு ஒரு சுரம், அதற்கு டிரம்மர் பிரஷால் ஒரு உரசல். எல்லாம் மெதுவாக, எல்லாம் அழகாக, எதிலும் விஷயம் இல்லாமல். பதிவைத் திரும்பக் கேட்கும்போது, இதோ இங்கேயே முடிந்துவிட்டது என்று விரல் வைத்துக் காட்டலாம். அதற்கப்புறம் நாலு நிமிடம் ஓடுகிறது.

இன்னொரு வகை, மலை ஏறி இறங்குகிற முடிவு. மெதுவாக ஆரம்பம், கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு, நடுவில் மூன்று பேரும் முழு வேகம், அப்புறம் தணிந்து அமைதி. திட்டம் இல்லாமல் வாசிக்கிற இசை, பாதி நேரம் இந்த ஒரே வடிவத்தில் போய் விழுவது வேடிக்கைதான். யாரும் சொல்லாமலே எல்லோரும் கடைப்பிடிக்கிற திட்டம் இது. எழுதி வைத்த பாட்டையாவது கிழித்துப் போடலாம், இதை எங்கே போய்க் கிழிப்பது? நாங்கள் இப்போதெல்லாம் உச்சத்தில் இருக்கும்போதே சட்டென்று நிறுத்திப் பார்க்கிறோம். அது அமைந்துவிட்டால் கேட்பவர்களுக்கு ஒரு நொடி தூக்கிவாரிப் போடும். ஆனால் அதையே வழக்கமாக்கினால் அதுவும் ஒரு திட்டமாகிவிடும்.

பார்வை என்று ஒரு விஷயம் இருக்கிறது. முடிக்கிற நேரத்தில் ஒருவரை ஒருவர் பார்ப்பதா, வேண்டாமா? பார்த்துக்கொண்டால் முடிவு சுத்தமாக வரும். ஆனால் அந்தப் பார்வையே ஒரு உத்தரவு. எங்களுக்குள் இதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஒரு ஒத்திகை முடிந்ததும் டிரம்மர் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, கடைசில ஏன் என் பக்கம் பாத்தீங்க?"

"சும்மாதான் பாத்தேன்."

"சும்மா இல்லண்ணே. நீங்க பாத்ததாலதான் நான் நிறுத்தினேன். இன்னும் எனக்கு வாசிக்க இருந்துச்சு."

சாக்ஸபோன்காரர் ரீடைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான்பா இருந்தேன், எனக்குக் கரெக்டா இருந்துச்சு" என்றார். அவர் எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பார். அதுவும் ஒரு சௌகரியம்தான். யாரும் அவருக்கு உத்தரவு போட முடியாது.

ஒத்திகையா, திட்டமில்லாத இசைக்கு எதற்கு ஒத்திகை என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். வாசிக்கப் போகிற இசையை ஒத்திகை பார்ப்பதில்லை, காதைத்தான். லண்டனில் 1960-களில் ஸ்பான்டேனியஸ் மியூசிக் என்செம்பிள் என்ற குழுவை நடத்திய ஜான் ஸ்டீவன்ஸ் ஒரு டிரம்மர். இதற்கென்றே பயிற்சிகளை உருவாக்கியவர். அதில் ஒன்று, ஒவ்வொருவரும் தன் வாத்தியத்தில் எவ்வளவு குறுகிய சத்தத்தை எழுப்ப முடியுமோ அதை மட்டும் எழுப்ப வேண்டும். இன்னொன்று நேர் எதிர், மூச்சு இருக்கிற வரை ஒரே சுரத்தைப் பிடிக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? செய்து பாருங்கள். குறுகிய சத்தப் பயிற்சியில் பாஸ்காரனுக்கு முதல் வேலையே தந்தியைச் சுண்டுவதில் இல்லை, சுண்டிய உடனே இடது கையால் அமுக்கி அதன் வாயை மூடுவதில் இருக்கிறது. சத்தத்தை முடிக்கக் கற்றுக்கொடுக்கிற பயிற்சி அது. மற்றவர் வாசிப்பது காதில் விழவில்லை என்றால் நீ அதிகச் சத்தமாக வாசிக்கிறாய் என்று ஸ்டீவன்ஸ் சொல்வாராம். எங்கள் ஒத்திகை அறையில் இதை எழுதி ஒட்டலாம் என்று நான் சொன்னதற்கு டிரம்மர் முறைத்தான்.

நாங்களாகச் செய்கிற பயிற்சியும் ஒன்று உண்டு. ஒரு நிமிடப் பாட்டுகள். கடிகாரம் பார்க்கக் கூடாது, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முழுசாக ஒன்றை வாசித்து முடிக்க வேண்டும். அடுத்தடுத்து பத்துப் பதினைந்து. ஒரு நிமிடம்தான் என்று தெரிந்தால் மலை ஏறி இறங்க நேரம் இல்லை, வாசலில் நின்று பேசவும் நேரம் இல்லை. முதல் சத்தம் எழும்போதே கடைசிச் சத்தம் எங்கே என்று காது தேட ஆரம்பித்துவிடும்.

நீண்ட நாள் தாக்குப்பிடித்த மூவர் குழுக்களைப் பார்த்தால் இந்த முடிவுப் பிரச்சினையை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கையாண்டிருப்பது தெரியும். ஜெர்மானியப் பியானோக் கலைஞர் அலெக்சாண்டர் ஃபோன் ஷ்லிப்பன்பாக், இங்கிலாந்தின் சாக்ஸபோன் கலைஞர் ஈவன் பார்க்கர், டிரம்மர் பால் லோவன்ஸ் மூவரும் 1970-களின் ஆரம்பத்திலிருந்து பல பத்தாண்டுகள் ஒன்றாக வாசித்தார்கள். குளிர்காலம் வந்தால் சேர்ந்து ஊர் ஊராகப் போவது அவர்கள் வழக்கமாக இருந்தது. 1972-இல் பதிவான 'பாகிஸ்தானி பொமேட்' கேட்டிருக்கிறேன். ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், சட்டென்று அறுந்து நிற்கும், ஆனாலும் அறுந்த உணர்வே இருக்காது. லோவன்ஸின் டிரம்ஸில் சத்தங்கள் அவ்வளவு சிறியவை, வறண்டவை. ஒலித்துக்கொண்டிருக்க எதுவும் இல்லை. இந்தக் குழுவில் பாஸ் கிடையாது என்பதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். இவ்வளவு காலம் நிலைத்த சுதந்திர மூவர் குழுவுக்குப் பாஸ் தேவைப்படவில்லை. நண்பர்கள் இருவரும் எனக்கு இதை அடிக்கடி ஞாபகப்படுத்துவார்கள்.

ஆஸ்திரேலியாவின் 'தி நெக்ஸ்' வேறு ரகம். 1987-இல் சிட்னியில் ஆரம்பித்த பியானோ, பாஸ், டிரம்ஸ் குழு. அவர்களும் முன்கூட்டி எதுவும் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் ஆரம்பிப்பார், மற்றவர்கள் சேர்வார்கள், முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஒரே பாட்டு. 1989-இல் வந்த முதல் ஆல்பத்திலேயே ஒரே ஒரு பாட்டுதான், 56 நிமிடம். ஒரு சின்ன விஷயத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், அது கண்ணுக்குத் தெரியாமல் மாறிக்கொண்டே இருக்கும். மேடையில் அவர்கள் முடிக்கும்போது முடிவு வந்ததாகவே தெரியாது. ஒவ்வொன்றாகக் குறைந்து குறைந்து, எப்போது கடைசியாகக் கேட்டோம் என்று யோசிக்கிற அளவுக்கு ஆகிவிடும். இதை ஜாஸ் என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வம் இல்லை.

இவர்களைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது சாம் ரிவர்ஸ், டேவ் ஹாலண்ட், பேரி ஆல்ட்சுல் மூவரும்தான். 1970-களில் நியூயார்க்கில் ரிவர்ஸின் சொந்த இடமான ஸ்டூடியோ ரிவ்பியாவும், லாஃப்ட் என்று சொல்லப்பட்ட மற்ற பழைய கிடங்கு மாடிகளும் சுதந்திர ஜாஸுக்குப் புகலிடமாக இருந்த காலத்தில் இவர்கள் எந்தத் திட்டமும் இல்லாமல் மணிக்கணக்கில் வாசித்தவர்கள். ரிவர்ஸ் சாக்ஸபோனிலிருந்து புல்லாங்குழலுக்குப் போவார், அங்கிருந்து பியானோவுக்கு. பிறகு பிரிந்துவிட்டார்கள். சுமார் கால் நூற்றாண்டு கழித்து, 2007 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மறுபடி மேடை ஏறினார்கள். ரிவர்ஸுக்கு அப்போது 83 வயது. அன்றும் எழுதி வைத்தது எதுவும் இல்லை. அந்தப் பதிவு 2012-இல் வெளிவந்தது, ரிவர்ஸ் அதற்கு முந்தைய டிசம்பரில் காலமாகிவிட்டார். அதில் ஹாலண்டின் பாஸ் ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் விதத்தைக் கேட்டால், ஒரு பகுதி எங்கே முடிந்து அடுத்தது எங்கே ஆரம்பித்தது என்று பிரிக்கவே முடியாது. நிறுத்தாமலே முடிப்பது என்று ஒன்று இருக்கிறது. அது எனக்கு இன்னும் கைவரவில்லை, கேட்கத்தான் முடிகிறது.

பியானோக் கலைஞர் கீத் ஜாரெட்டின் மூவர் குழுவையும் சொல்லாமல் விட முடியாது. 1983-இலிருந்து பழைய அமெரிக்க மெட்டுகளை வாசித்தே புகழ் பெற்றவர்கள். பாஸ் யார் தெரியுமா? எய்லரோடு வாசித்த அதே கேரி பீகாக். 2000 ஜூலையில் லண்டனில் இவர்கள் மெட்டுகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு வெறுங்கையோடு வாசித்தார்கள். 'இன்சைட் அவுட்' என்று ஆல்பமாக வந்தது. நீளமான, தேடித் தேடிப் போகிற இசை. ஆனால் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஒரு பழைய காதல் மெட்டு! எத்தனையோ பேருக்கு அது இதமாக இருக்கிறதாம். எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். அவ்வளவு தூரம் வந்தவர்கள் அங்கேயே நின்றிருக்கலாம், வீட்டில் கொண்டு வந்து விட்டிருக்க வேண்டாம். சாக்ஸபோன்காரர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "முடிவுக்குத்தான்பா மெட்டே கண்டுபிடிச்சாங்க" என்பார். அவர் எய்லர் கட்சி.

பார்வையாளர்களுக்கு இந்த முடிவில் இருக்கிற பங்கைப் பற்றித்தான் தனியாக எழுத வேண்டும். சிம்பல் தேய்ந்துகொண்டிருக்கும்போது முதல் கைதட்டல் எங்கிருந்தோ விழும். அந்த ஒரு ஆள்தான் அன்றைய முடிவை முடிவாக்குகிறார். அவர் கைதட்டியபின் நாங்கள் தொடர்ந்தால் அவரை அவமானப்படுத்தியது போல் ஆகிவிடும், அதனால் தொடர்வதில்லை. அவர் சரியாகக் கேட்டுத்தான் தட்டினாரா, அமைதி தாங்காமல் தட்டினாரா என்பது கடைசி வரை தெரியாது. எப்படியோ, நாலாவது ஆளாக அவரும் வாசித்துவிட்டார்.

அடுத்த தடவை சிம்பலே கொண்டுவரப் போவதில்லை என்று டிரம்மர் சொல்லியிருக்கிறான். தோல் டிரம்கள் மட்டும், எல்லாம் வறண்ட சத்தம். என்ன ஆகிறது பார்க்கலாம் என்கிறான். யோசித்துப் பார்த்தால், அப்போது மூன்று பேரில் அதிக நேரம் ஒலிக்கப்போவது என்னுடைய வாத்தியம். கடைசிச் சத்தம் என் பொறுப்பில் வந்துவிடும். வில்லைக் கையில் எடுத்தால் நான் விடமாட்டேன், இழுத்துக்கொண்டே இருப்பேன் என்று சாக்ஸபோன்காரர் இப்போதே புலம்புகிறார். வில்லை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்கிறார். நான் கொண்டுபோகத்தான் போகிறேன்.